எதிரே வந்த குடம்

எங்கள் செக்கடித் தெருவில் ஒருத்தனுக்கு இண்டர்வியூ வந்தால் அது தெருவுக்கே வந்த மாதிரி. தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே நீளக் கவரை நீட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்துக்குள், போகிறவன் என்ன நிறத்தில் சட்டை போடவேண்டும் என்று பெட்டிக்கடையில் ஒரு முடிவும், அது சரியில்லை என்று தேய்ப்புக் கடையில் இன்னொரு முடிவும் ஆகியிருக்கும். கதவைத் தட்டு, தட்டாமல் எட்டிப் பார்த்து உத்தரவு கேள், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிடாதே, உட்காராமல் நின்றால் திமிர் என்பார்கள், கையைக் கட்டாதே, கட்டாமல் தொங்கவும் விடாதே என்று ஆளுக்கொரு புத்தி சொல்லிச் சொல்லி, தன் கையும் காலும் யாருடையவை என்று தெரியாத நிலையில்தான் பையன் பஸ் ஏறுவான். தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டி அண்ணாச்சிதான் இதில் எல்லாம் முதல் ஆள். அவர் தன் ஆயுசில் போனது ஒரே ஒரு இண்டர்வியூ, அதிலும் கேள்வி கேட்டவர் அவருடைய சொந்தத் தாய்மாமன். அதை யாராவது ஞாபகப்படுத்தினால், "மாமன் கேட்டா மட்டும் கேள்வி சுலபமா இருக்குமோ?" என்பார்.

இத்தனை புத்திக்கும் மேலே ஒன்று உண்டு, அது சகுனம். அதையும் நாங்கள் தற்செயலுக்கு விடுவதில்லை. தெருமுக்கு அடிபம்பில் ஆவுடையம்மாள் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் அடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராக நிற்பாள். நல்ல தாட்டியான மனுஷி, நெற்றி நிறையக் குங்குமம், தாலிக்கயிற்றில் மஞ்சள் காய்ந்து பார்த்ததில்லை. பையன் வாசற்படி இறங்கியதும் சங்கரபாண்டி இருமுவார். அந்த இருமலுக்கு ஆவுடையம்மாள், என்னவோ எதேச்சையாகத் தண்ணீருக்கு வந்தவள் மாதிரி எதிரே வருவாள். பையன் குடத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. நாங்களும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் அங்கேயே நின்றுவிடும். சர்ட்டிபிகேட்டை மறந்து வைத்துவிட்டுப் போனவனைக்கூடக் கூப்பிடாமல், அடுத்த பஸ்ஸில் ஆள் கொடுத்து அனுப்பின தெரு எங்கள் தெரு.

சொர்ணத்தாய் குடியிருந்தது அடிபம்புக்கு நாலைந்து வீடு தள்ளி. ஜின்னிங் பாக்டரியில் மூட்டை தூக்கின புருஷன் காய்ச்சலில் போனபோது மகன் வெயிலுமுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். ஒட்டி ஒட்டியே அவனை பி.காம். வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். பசை காயாத விரல்களோடு அவள் கோலம் போட்டால் கோலப்பொடி விரலோடு வந்துவிடும்.

வெயிலுமுத்துக்கு முதல் இண்டர்வியூ வந்தபோது, அவள் எதிரே வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வேலை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று தெரு கூடி யோசித்ததில், கதவு இடுக்கு வழியாக அவளுடைய சேலைத் தலைப்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. அடுத்த தடவை அடுப்படிக்குள் போய் இருந்தாள். அதுவும் கிடைக்கவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு நேராகத்தானே பையன் திரும்பினான் என்றார்கள். அதற்கடுத்த தடவை நெல் கொட்டிவைக்கிற மண் குலுக்கைக்குள் இறங்கி, மேலே முறத்தைக் கவிழ்த்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் தும்மியது வாசல்வரை கேட்டது என்று தேய்ப்புக் கடைக்காரன் சொன்னான். ஒவ்வொரு தடவையும் வேலை போனதற்கான காரணம், அவளில் எவ்வளவு மிச்சம் தெரிந்தது என்பதாகவே இருந்தது. அவளும் அதை நம்பினாள். தன்னை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற ஒரே யோசனையாகத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் ஏதோ கம்பெனி இண்டர்வியூ. கிளம்புகிற காலையில், குடம் தயார் என்று சொல்ல ஆவுடையம்மாள் உள்ளே போனாள். அடுப்படியில் ஆள் இல்லை. குலுக்கையில் இல்லை. பின்கட்டில் தீப்பெட்டித் தாள் ஒன்று அந்தரத்தில் தானாக மடிந்து, பசை தடவிக்கொண்டு, பெட்டியாகிக் கூடையில் விழுந்தது. அடுத்த தாள் எழும்பியது.

"சொர்ணம், எங்க இருக்க?"

"இங்கதான் மதினி. உங்க முன்னாலதான் உக்காந்திருக்கேன்."

"தெரியலையே."

"தெரியலையா?"

"துளிகூடத் தெரியல."

ஆவுடையம்மாள் கிட்டப்போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். தோள் இருந்தது, தோளில் எலும்பு இருந்தது, வேப்பெண்ணெய் வாசனை இருந்தது. "நல்லதாப் போச்சு," என்றாள். "முட்டுவலிக்காரி, இனிமே குலுக்கைக்குள்ள இறங்கி ஏற வேண்டாம் பாரு." சொல்லிவிட்டு, நேரமாகிறதென்று பம்புக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கும் வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸுக்குக் குறுக்கே பூனை போனது என்றார்கள். பூனையில்லை கீரி, கீரி நல்லது என்று பஸ்ஸில் இருந்த ஒருவர் சொன்னதால் அந்த விவகாரம் இன்றுவரை தீரவில்லை.

ஒரு மனுஷி கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஊர் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊர் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லும், அவ்வளவுதான். படிப்பகத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள் முதலில் கையால் துழாவிப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டார்கள். ரேஷன் கடையில் பை மட்டும் வரிசையில் நிற்கும், அதன் முறை வந்ததும் சீனி போடுவார்கள். கடைக்காரர் முதலில் கொஞ்சம் யோசித்தார். கார்டில் பெயர் இருக்கிறதா, இருக்கிறது, பெயர் இருந்தால் ஆள் இருக்கிறது என்று சங்கரபாண்டி ஒரு ஹெட்கிளார்க்கின் தீர்ப்பைச் சொன்னதும் அவரும் சமாதானமாகிவிட்டார். பஸ் கண்டக்டர்கள், சில்லறை காற்றில் வந்தால் வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் காற்றில் நீட்டினார்கள்.

எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது கல்யாண வீடுகள்தான். புருஷன் போனதிலிருந்து சொர்ணத்தாய் கல்யாணத்துக்குப் போவதில்லை. போனாலும் பின்பக்கமாகப் போய் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, தாலி கட்டுமுன் வந்துவிடுவாள். இப்போது அவள் மணவறைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் நின்றாள். தாலி ஏறும்போது ஒரு பிடி அட்சதை யாருமில்லாத இடத்திலிருந்து கிளம்பிப் பெண் தலையில் விழுந்தது. எல்லோரும் பார்த்தோம். அவளைப் பார்ப்பதுதான் ஆகாதே தவிர, அவள் இருப்பது ஆகாது என்று எங்கேயும் சொல்லியிருக்கிறதா என்று பெரியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில் தொட்டில் ஆட்டினாள், சடங்கு வீட்டில் பாட்டெடுத்துக் கொடுத்தாள். தெருவுக்கு அவளால் ஆகவேண்டியதெல்லாம் ஆனது, அவள் முகம் மட்டும் இடைஞ்சல் இல்லை.

வெயிலுமுத்து ஆரம்பத்தில் குரல் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினான். சில மாதங்களுக்குப் பிறகு தட்டைப் பார்த்துப் பேசினான். அதற்குப் பிறகு தட்டில் சோறு வந்தது, சாப்பிட்டான், தட்டு போனது. கெட்ட பிள்ளையில்லை. ஒவ்வொரு ஊராகப் போய் "தகவல் சொல்லி அனுப்புறோம்" என்று கேட்டுவிட்டு வந்த பிள்ளை, வீட்டிலும் வாயைத் திறக்க அலுப்பு.

"அவன் என்னையப் பாக்கவே மாட்டேங்கான் மதினி," என்று அவள் ஒருநாள் ஆவுடையம்மாளிடம் சொன்னாள்.

"நீ தெரிஞ்சாத்தானட்டி பாப்பான்."

"ஒரு வேலை கிடைக்கட்டும். கிடைச்ச அன்னைக்கு நான் ஒளிய வேண்டாமில்லா. அப்பத் தெரிஞ்சிருவேன். முதல்ல அவன் கண்ணுக்குத் தெரியணும், பொறவுதான் மத்தவங்களுக்கு."

இது தெருவுக்கெல்லாம் தெரிந்தது. அவனுக்கு வேலை கிடைத்தால் அவள் முகம் கிடைக்கும் என்று, இரண்டையும் ஒரே முடிச்சாகவே நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் செல்வமாரிக்கு மதுரையில் இண்டர்வியூ வந்தது. பீடி ஏஜெண்டு மாடசாமியின் மகள், தாயில்லாத பெண். தகப்பனுக்கு அன்றைக்குப் பார்த்துச் சரக்கு வருகிறது. தனியாக மதுரைக்குப் போனதில்லை என்று பெண் அழுதது. "அழாதட்டி, நான் கூட வாரேன்," என்று சொர்ணத்தாயின் குரல் சொன்னது. "எனக்கென்ன, வழியில யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

போனாள். இண்டர்வியூ அறைக்கு வெளியே இருந்த பியூன் கண்ணில் பட்ட ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டான், பின்னாலேயே இவளும் நுழைந்தாள். அந்தப் பெண் பேசி முடிக்கிறவரை அவள் தோளில் கையை வைத்து நின்றாள். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் மேஜையைச் சுற்றிப் போய், கேள்வி கேட்கிறவர்களின் பக்கத்திலிருந்து, அடுத்தடுத்து வந்த பிள்ளைகளை எல்லாம் சாயங்காலம்வரை பார்த்துவிட்டு வந்தாள்.

செல்வமாரிக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாருக்கு இண்டர்வியூ வந்தாலும் ஒரு டிக்கெட் கூடுதலாக எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு, முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார, நாற்காலி பேசும். பக்கத்து ஊர்களிலிருந்துகூட வந்தார்கள்.

"நடுவுல இருக்கிற ஆளு கேப்பாரு," என்று நாற்காலி சொல்லும். "ஓரத்துல தலையக் குனிஞ்சிட்டு இருக்கிற ஆளுதான் எழுதுவாரு. நீங்க எல்லாரும் கேட்டவரையே பாத்துப் பதில் சொல்லுதிய. எழுதுறவரையும் ஒரு பார்வை பாத்து வைங்க, அவரும் மனுஷன்தான."

"பெரியம்மா, பதில் தெரியலைன்னா?"

"தெரியலன்னு சொல்லணும், சிரிச்ச முகமாச் சொல்லணும். அவங்க கேக்கதுல பாதி அவங்களுக்கும் தெரியாது, ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிடுதாங்க. நீ முழிச்சேன்னா அவங்களும் சேந்து முழிக்கணும்லா."

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேக்காங்களே, என்னத்தைச் சொல்ல?"

"காகிதத்துல இருக்கிறதத் திருப்பிச் சொல்லாத, அது அவங்க கையிலயே இருக்கு. காகிதத்துல இல்லாத ஒண்ணு உங்கிட்ட இருக்குமில்லா, அதச் சொல்லு. வீட்டைப் பத்திக் கேட்டா மட்டும் நிக்காத. அப்பா என்ன செய்தாரு, வீட்டுல யாரு இருக்கா, இதுக்கெல்லாம் டக்குடக்குனு சொல்லிறணும். அங்கதான் எல்லாப் பிள்ளைகளும் எச்சி முழுங்குது. முழுங்கினா, என்னமோ மறைக்கான்னு எழுதிருவாரு அந்த ஓரத்துக்காரரு."

எல்லாவற்றையும்விட அவள் திரும்பத் திரும்பச் சொன்னது முதுகைப் பற்றி. "உள்ள வரும்போது எல்லாரும் நல்லாத்தான் வாரிய. போகும்போது பாக்கணுமே, தோத்த மாதிரி கூனிக்கிட்டுப் போறிய. கதவுகிட்ட போறவரைக்கும் அவங்க உங்க முதுகப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. முதுகுதான் கடைசியாப் பேசுது. நிமுந்து போங்க. திரும்பிப் பாக்காதிய."

சில இடங்களில், ஆளை முன்னமே முடிவுசெய்துவிட்டு, பேருக்குத்தான் மற்றவர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற அவளுக்கு அது தெரிந்துவிடும். அதை மட்டும் அவள் சொல்லமாட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில், பையன் காதுப் பக்கமாக, "இன்னைக்கு நல்லாப் பேசினலே ராசா," என்பாள். அவள் அப்படிச் சொன்னால் அந்த வேலை இல்லை என்று பிள்ளைகள் போகப்போகத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்தும், அவள் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

இப்படித் தெருப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக வேலைக்குப் போய், படிப்பகத்துப் பாயில் இடம் காலியாகிக்கொண்டே வந்தபோது, மிஞ்சி உட்கார்ந்திருந்தவன் வெயிலுமுத்து. அவனோடு மட்டும் அவள் போகவில்லை. அவன் கிளம்புகிற காலைகளில் அவள் கண்ணுக்குத் தெரியாத உடம்போடு, பழைய பழக்கத்தில், கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். கதவு லேசாக அசைவதைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அந்த வருஷத்தோடு அவனுக்கு வயசு வரம்பு முடிகிறது. திருநெல்வேலியில் ஒரே ஒரு இண்டர்வியூ பாக்கி. படிப்பகத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது சங்கரபாண்டி காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் போற. ஒன் பிள்ளைக்கு மட்டும் போகமாட்டேங்கியே, என்ன கணக்கு?"

"எதிர வந்தா ஆகாதவ, கூட வந்தா மட்டும் ஆவேனா அண்ணாச்சி?" என்றது நாற்காலி.

தெரியாவிட்டால் தெரியாது என்று சிரித்த முகமாகச் சொல்லவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அதைக்கூட நாங்கள் சொல்லவில்லை. லீவுக்கு வந்திருந்த செல்வமாரிதான் எழுந்து, "அத்தை, அன்னைக்கு நீங்க எந்தோள்ல கை வச்சிருந்ததாலதான் எனக்கு நாக்கு எழும்புச்சு. நான் சம்பளம் வாங்குதேன். எனக்கு ஆகலையா?" என்றாள். எல்லோரும் வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். அவன் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"வரட்டும்," என்றான். "யாருக்குத் தெரியப்போகுது."

அவன் அதைப் பிரியமாகத்தான் சொன்னான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாற்காலியிலிருந்து அவள் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

போனார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் ஃபைலை வைத்தான், அது சீட்டைத் தொடாமல் மடி உயரத்தில் திருநெல்வேலிவரை நின்றது என்று கண்டக்டர் சொன்னான். திரும்பி வந்தபோது சாயங்காலம். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவன் முகத்தில், நாங்கள் பல வருஷமாகப் பார்க்காத ஒன்று இருந்தது. நேராகப் படிப்பகத்துக்கு வந்தான். காலி நாற்காலியை இழுத்துப் போட்டோம், அது கொஞ்சம் கிறீச்சிட்டதால் அவளும் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எப்படிப் போச்சு?" என்று நான்தான் கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு சித்தப்பா. கடைசியில நடுவுல இருந்தவரு வீட்டைப் பத்திக் கேட்டாரு. வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னாரு."

"ம்."

"அம்மா சொல்லுவால்லா, வீட்டைப் பத்திக் கேட்டா நிக்காம சொல்லணும்னு. யாரும் இல்ல சார், நான் மட்டுந்தான்னு டக்குனு சொல்லிட்டேன். அந்த ஓரத்துக்காரரு உடனே எழுதினாரு. அப்படின்னா எங்க போட்டாலும் போவீங்களான்னாரு. போவேன் சார், பாக்கதுக்கு யாரும் இல்லன்னேன். அவங்களுக்குச் சந்தோசம். தூரத்து ஊருக்குத்தான் ஆள் எடுக்காங்களாம், போக யாருக்கும் மனசில்லையாம்."

"பலே," என்றார் சங்கரபாண்டி. "இதுதான் பதில். இத்தனை வருசத்துல இப்பத்தான்ல ஒனக்கு இண்டர்வியூ பேச வந்திருக்கு." தேய்ப்புக் கடைக்காரன் முதுகில் தட்டினான். எல்லோரும் அந்தப் பதிலைத் தங்களுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் ஆவுடையம்மாள் நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"சொர்ணம், நீ சொல்லு. எப்படிப் பேசினான் ஒம்மவன்?"

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.

"அலுப்பா இருக்கும்," என்றார் சங்கரபாண்டி. "பஸ்ல வந்தது."

அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை. சோறு வந்தது, தட்டு போனது, பின்கட்டில் தாள்கள் மடிந்து பெட்டிகளாயின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியின் முன்னால் பிள்ளைகள் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாயைச் சுருட்டிவைத்துப் போனார்கள். குரலுக்கும் முட்டுவலி வந்திருக்கும் என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆர்டர் வந்தது. ஒரு ரயிலில் போய் இறங்கி, இன்னொரு ரயில் ஏறி, இறங்கின இடத்தில் ஒரு வார்த்தையும் புரியாத ஊரில் போட்டிருந்தார்கள். அவன் கவரை உயரப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். தெருவே அவன் பின்னால் ஓடியது. ஆர்டரைப் பார்க்க யாரும் ஓடவில்லை, அவள் தெரியப்போகிறாள் என்று ஓடினார்கள். வாசலிலும் ஜன்னலிலும் தலைகளாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, ஆர்டர் வந்திருச்சு," என்றான் அவன் பின்கட்டைப் பார்த்து.

பாதி மடிந்த தாள் ஒன்று அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தத் தாள் மீதிப் பாதியும் மடிந்து, பசை தடவிக்கொண்டு, கூடையில் விழுந்தது.

"வந்திருவா," என்றாள் ஆவுடையம்மாள். "கொஞ்ச நாள் ஆகும்." எல்லோரும் கலைந்து போனோம்.

அவன் கிளம்புகிற காலை, பெட்டியைக் கட்டிக் கொடுக்க நானும் உள்ளே இருந்தேன். பெட்டி கட்டி முடிந்ததும் அவன் வீட்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். கண் தெரியாதவன் மாதிரி அடுப்படியைத் துழாவினான், குலுக்கைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"அம்மா, எங்க இருக்க? கோவமா? அன்னைக்குச் சும்மா ஒரு பதிலுக்குத்தானம்மா சொன்னேன். வேலை வேணும்லா." சுவரைப் பார்த்துச் சொன்னான். "ஒரு வாட்டி கையவாது குடு."

எந்தப் பக்கத்திலிருந்தும் கை வரவில்லை. வேப்பெண்ணெய் வாசனை மட்டும் வாசற்படியிலிருந்து வந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, அடுப்பைப் பார்த்து, "போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தான்.

வெளியே எல்லாம் தயாராக இருந்தது. தெருவின் இரண்டு ஓரமும் ஆட்கள், தெருமுக்கில் பஸ், பம்படியில் ஆவுடையம்மாள். சங்கரபாண்டி இருமினார். ஆவுடையம்மாள் ஓர் அடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். யாரோ இடுப்பிலிருந்து குடத்தை வாங்குகிற மாதிரி இருந்தது, பிடிமானத்தில் பசை இருந்தது, வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்று பிற்பாடு சொன்னாள். குடம் தானாக ஓர் இடுப்பின் உயரத்தில் நின்றது. ஒரு சொட்டுத் தளும்பியது. பிறகு அது தெருவின் நடுவே, வெயிலில் பளபளத்துக்கொண்டு, பெட்டியோடு வருகிற வெயிலுமுத்துவின் எதிரே வர ஆரம்பித்தது.

வர வர நாங்கள் பார்த்தோம். குடத்தின் கழுத்தை வளைத்திருந்த விரல்கள் முதலில் தெரிந்தன, நகக்கணுவில் பசை காய்ந்த விரல்கள். பிறகு வளையல் இல்லாத முழங்கை. பிறகு பழுப்பேறின வெள்ளைச் சேலை, நனைந்த கொசுவம், செருப்பில்லாத பாதம். இத்தனை வருஷம் ஒளிந்திருந்தவள் ஒளியாமல் நடுத்தெருவில் வந்துகொண்டிருந்தாள். தலை நரைத்துப் போயிருந்தது, அது எங்கள் யாருக்கும் தெரியாது. முகம் வருவதற்குக் கொஞ்சம் பாக்கி இருந்தபோது அவன் பெட்டியைக் கீழே வைத்தான். நிறைகுடம் எதிரே வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சின்னதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோமே, அதன்படி இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். நன்றாக இறுக்கி மூடினான். ஏதோ வேண்டிக்கொண்டான், உதடு அசைந்தது.

அந்த நேரத்தில்தான் முகம் வந்தது. அவனுக்கு நேராக, கை எட்டும் தூரத்தில். அவள் நடையை நிறுத்தவில்லை, எதிரே வருகிறவள் நிற்கக்கூடாது. மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனைத் தாண்டினாள். அவன் கண்ணைத் திறந்தபோது எதிரே தெருவும் பஸ்ஸும்தான் இருந்தன. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் குடத்தோடு சொர்ணத்தாய் நின்றாள், முழுசாக. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சத்தம் போதும், பேர்கூட வேண்டாம். வழியனுப்ப வந்திருந்த செல்வமாரி வாயைத் திறந்துவிட்டாள், ஆவுடையம்மாள் ஈரக் கையால் அந்த வாயைப் பொத்தினாள். பொத்தியவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டி இருமலை விழுங்கினார். எங்கள் தெருவில் கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை, கிளம்பினவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் நேராக நடந்து, படியேறி, பஸ்ஸின் அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தான். பஸ் போய்விட்டது.

அவள் குடத்தை இறக்காமல், பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல், கொஞ்சம் துருப்பிடித்துக் கேட்டது.

"முதுக நேராத்தான் வச்சிருக்கான்," என்றாள்.